பதிவேடு கேட்காத மாநிலம்

2024ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒருநாள் காலை பத்தேகால் மணிக்கு என் கைபேசியில் ஒரு தானியங்கிக் குரல் பேசியது. என் மகன் அன்றைய முதலிரண்டு வகுப்புகளுக்கு வரவில்லை என்றும், தக்க காரணம் தெரிவிக்கப்படாவிட்டால் அது அனுமதியற்ற விடுப்பாகக் கணக்கில் ஏறும் என்றும் அந்தக் குரல் ஆங்கிலத்தில் ஒருமுறையும் ஸ்பானிய மொழியில் ஒருமுறையும் சொல்லி முடித்தது. அப்போது அவன் சமையலறை மேசையில் எனக்கு எதிரே அமர்ந்து பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்பின் நடுவில் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அது. பள்ளி ஆலோசகரிடம் நேரில் சென்று சொல்லியிருந்தோம். அவரும் அன்போடு கை குலுக்கி வழியனுப்பினார். அதுவே போதும் என்று நானும் என் கணவரும் எண்ணிக்கொண்டது எங்கள் தவறு.

நாங்கள் வசிப்பது டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே. 6 வயது முதல் 19ஆம் பிறந்தநாள் வரை ஒரு பிள்ளை பள்ளிக்குச் சென்றாக வேண்டும் என்பது இங்குள்ள கட்டாயக் கல்விச் சட்டம். நான்கு வாரங்களுக்குள் மூன்று நாட்கள் காரணமின்றி வராவிட்டால் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்; ஆறு மாதங்களுக்குள் பத்து நாட்களானால் விவகாரம் நீதிமன்றம் வரை போகலாம். இதிலிருந்து விடுபட எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். அன்று மாலையே அதை எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து அவன் பள்ளியைவிட்டு விலகுகிறான் என்ற விவரம், வீட்டில் உண்மையான முறையில் எழுத்து வடிவிலான பாடத்திட்டத்தைப் பின்பற்றுவோம் என்ற உறுதிமொழி. அரைப் பக்கத்துக்கும் குறைவு. மறுநாள் காலை "பெற்றுக்கொண்டோம், நல்வாழ்த்துகள்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அந்த ஒற்றை வரி என்னை நிம்மதியடையச் செய்ததைவிட அதிகமாகக் கலங்கச் செய்தது என்றே சொல்ல வேண்டும். டி.சி. என்று நாம் சொல்லும் மாற்றுச் சான்றிதழுக்காக அப்பா மூன்று நாள் பள்ளி வாசலில் காத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்க அடையாளங்கள் இரண்டு, நடத்தை "நன்று", தலைமையாசிரியர் கையொப்பம், அதன்மேல் ஊதா நிற முத்திரை என்று ஒரு மாணவரின் இருப்பே அந்தத் தாளில்தான் இருந்தது. இங்கோ என் மகனின் கல்வி முழுவதையும் என் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு, நான் பட்டதாரியா, என்ன புத்தகம் வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கற்பிக்கப்போகிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. ஆசிரியர் தகுதி, குறைந்தபட்ச வேலை நாட்கள், ஆண்டுத் தேர்வு, பதிவு ஆகிய எதையும் டெக்சாஸ் வீட்டுக்கல்விக் குடும்பங்களிடம் எதிர்பார்ப்பதில்லை.

இந்தத் தளர்வு சும்மா வந்ததில்லை. 1915இல் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டபோதே தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டில் கற்பிப்பது தனியார் பள்ளியாகுமா ஆகாதா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் யாருக்கும் எழவில்லை. 1981இல் மாநிலக் கல்வி முகமை அது ஆகாது என்று நிலைப்பாடு எடுத்தது. அதன் விளைவாக வீட்டில் கற்பித்த பெற்றோர் பலர்மீது வழக்குகள் பாய்ந்தன. 1985இல் சில குடும்பங்கள் சேர்ந்து முகமைக்கும், அந்தந்த வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான பள்ளி மாவட்டங்களுக்கும் எதிராகத் தொடுத்த வழக்கு, லீப்பர் என்ற குடும்பத்தின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. 1987இல் கீழ் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது; 1994 சூன் மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டம் வந்த 1915இல் வீட்டில் கற்பது வழக்கமான ஒன்றாக இருந்ததையும், அன்று அது தனியார் கல்வியாகவே கருதப்பட்டதையும் நீதிமன்றங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டன. ஆகவே சட்டத்தின் பார்வையில் எங்கள் சமையலறை மேசை ஒரு தனியார் பள்ளி. இதைச் சொன்னபோது சென்னையிலிருந்த என் மாமியார், "அப்படியானால் கட்டணம் யாருக்குக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்தத் தீர்ப்பு மூன்று நிபந்தனைகளை மட்டும் வைத்தது. கற்பித்தல் பாசாங்காக இல்லாமல் உண்மையாக நடைபெற வேண்டும். பாடத்திட்டம் புத்தகமாகவோ பயிற்சி ஏடாகவோ திரையிலோ கண்ணால் காணும் வடிவில் இருக்க வேண்டும். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தும் அதில் அடங்கியிருக்க வேண்டும். பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால் அதில் அறிவியல் இல்லை என்பது தெரியும். வரலாறு தனியாக இல்லை. முதன்முதலில் அதைக் கவனித்தபோது எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து நான்கைந்து இடங்களில் சரிபார்த்தேன். கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வீட்டிலிருக்கும் எனக்கு, உயிரியலும் வேதியியலும் கற்பிக்கப்படாவிட்டாலும் சட்டம் மீறப்படாது என்பது நம்ப முடியாததாக இருந்தது. குறைவான விதிகளைப் போற்றும் நண்பர்களோடு நான் இன்றும் வாதாடும் இடம் இதுதான். ஐந்து பாடங்களின் பட்டியல் அக்கறையுள்ள பெற்றோருக்கு ஒரு பொருட்டே இல்லை. அக்கறையற்ற பெற்றோரிடம் சிக்கிய பிள்ளைக்கு அது எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

குடிமைப் பண்பைக் கற்பிப்பது எப்படி என்று தெரியாமல் பல வாரம் விழித்தேன். எனக்கு இந்நாட்டில் வாக்குரிமை இல்லை. இங்கே பிறந்த என் மகனுக்கு இன்னும் சில ஆண்டுகளில் அது வந்துவிடும். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு வந்த சொத்துவரிப் பட்டியலைத்தான் இறுதியில் பாடநூலாக்கினோம். மஞ்சள் மை எடுத்து ஒவ்வொரு வரியாகக் குறித்தோம்: கவுண்டிக்கு இவ்வளவு, நகராட்சிக்கு இவ்வளவு, சமுதாயக் கல்லூரிக்கு இவ்வளவு, பள்ளி மாவட்டத்துக்கு இவ்வளவு. மற்ற மூன்றையும் கூட்டினாலும் கடைசி வரியை எட்டவில்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகள் பெருமளவு சொத்துவரியையே நம்பியிருக்கின்றன. சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்களிலிருந்து ஒரு பகுதியை மாநிலம் எடுத்து மற்றவற்றுக்குத் தரும் ஏற்பாடு 1993இல் வந்தது. அதை இங்குள்ளவர்கள் ராபின் ஹூட் திட்டம் என்பார்கள். "நான் போகாத பள்ளிக்கு நாம் ஏன் பணம் கட்டுகிறோம்?" என்று அவன் கேட்டான். இந்த மாநிலத்தின் சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்த சண்டையே அந்தக் கேள்விதான் என்று சொன்னேன். அதைப் பிறகு பார்ப்போம்.

அவனை ஏன் நிறுத்தினோம் என்று எல்லோரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குத் திக்குவாய். பள்ளியில் யாரும் அவனைத் துன்புறுத்தவில்லை, ஆசிரியர்கள் பொறுமைசாலிகள். ஆனால் நடுநிலைப் பள்ளியில் ஒரு வகுப்பு ஐம்பது நிமிடம். அதில் முப்பது பிள்ளைகள். அவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஆறாம் வகுப்பின் முதல் பருவம் முடியும்போது அவன் கை தூக்குவதையே நிறுத்திவிட்டிருந்தான். வீட்டில் ஒரு பத்தியை நானும் அவனும் ஒரே குரலில் சேர்ந்து வாசித்தால் அவன் திக்குவதில்லை. திக்குவாய் உள்ள பலருக்கும் இது பொருந்தும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் முதல் இருபது நிமிடம் அப்படி வாசித்தோம். நான் மெல்ல மெல்லக் குரலைத் தாழ்த்துவேன். ஒரு கட்டத்தில் என் உதடு மட்டும் அசையும், அவன் குரல் தனியே ஓடிக்கொண்டிருக்கும். அதை உணர்ந்துகொண்டதும் நின்றுவிடுவான். மறுபடி தொடங்குவோம்.

வீட்டுக்கல்வியை எண்ணும் பெற்றோர் இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பொதுப்பள்ளியில் அவனுக்கு வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி இலவசமாகக் கிடைத்துவந்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்பட்டு, அது அவனுடைய உரிமையாக இருந்தது. வீட்டுப்பள்ளி தனியார் பள்ளியாகிவிடுவதால், விலகல் கடிதம் அனுப்பிய நாளோடு அந்தத் தனிப்பட்ட உரிமை போய்விட்டது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மாவட்டம் ஒதுக்கும் சிறு பங்கில் ஏதேனும் கிடைக்கலாமே தவிர, முன்பு கிடைத்ததைக் கேட்டுப் பெற முடியாது. தனியார் பயிற்சியாளருக்கு நாங்கள் கொடுத்த தொகை, வாங்கிய பாடநூல்கள் எல்லாவற்றின் விலையையும்விடப் பல மடங்கு.

என் நாத்தனார் பென்சில்வேனியாவில் தன் மகளுக்கு வீட்டில் கற்பிக்கிறார். அங்கே ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். 180 நாட்கள் கற்பித்ததற்குப் பதிவேடு வேண்டும். பிள்ளையின் எழுத்து வேலைகளைத் தொகுத்து வைத்து, தகுதிபெற்ற மதிப்பீட்டாளரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் பொதுத்தேர்வு உண்டு. தொலைபேசியில் அவர் இவற்றை அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். கடைசியில் அவருடைய பதிவேட்டு மாதிரியையே வாங்கி, யாரும் கேட்காத ஒரு கணக்கை நானும் எழுதத் தொடங்கினேன். தேதி, பாடம், பக்க எண்கள், எடுத்துக்கொண்ட நேரம், அன்று புரியாமல் போனது. நீல அட்டை போட்ட 200 பக்க நோட்டுப் புத்தகங்கள் ஐந்து சேர்ந்துவிட்டன. அறிவியலுக்கு எட்டாம் வகுப்பின் மாநிலப் பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து எடுத்து, அதன் வரிசையிலேயே நடத்தினேன். சட்டம் கேட்டதால் அல்ல. ஒருநாள் இவன் திரும்பிப் போவான் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்ததால்.

மற்ற வழிகளைப் பார்க்காமல் இதில் இறங்கவில்லை. இங்கே சார்ட்டர் பள்ளிகள் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. மாநிலத்தின் பணத்தில், பள்ளி மாவட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நடப்பவை, கட்டணம் இல்லை, மாநிலத்தின் ஸ்டார் தேர்வு இவற்றுக்கும் உண்டு. ஹூஸ்டனில் பிறந்த கிப், ஹார்மனி போன்ற குழுமங்களை நம்மவர் பலர் அறிவார்கள். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்தான். ஒரு சார்ட்டர் பள்ளியில் எங்கள் காத்திருப்பு எண் இருநூறுக்கு மேல் வந்தது. ஓராண்டு கழித்து அது நூற்றெழுபதாக இறங்கியது. டாலஸ் நகரப் பள்ளி மாவட்டத்தின் டவுன்வியூ வளாகத்தில் உள்ள மேக்னட் பள்ளிகள், அதாவது ஒரு குறிப்பிட்ட துறைக்கு முதன்மை தரும் சிறப்புப் பொதுப்பள்ளிகள், நாடறிந்தவை. நாங்களோ அந்த மாவட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறோம். பக்கத்து மாவட்டப் பள்ளிக்கு மாற்றம் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்த மாவட்டத்தின் விருப்பம். பள்ளித் தெரிவு என்று எல்லோரும் பேசுவது, வாடகை வீடு தேடும்போதே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. இந்தப் பகுதிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டின் அறைகளை எண்ணுவதற்கு முன் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்ப்பது இதனால்தான்.

இப்போது என் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெற்றோர் தேர்ந்தெடுக்கும் தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தை டெக்சாஸ் சட்டமன்றம் நெடுங்காலம் நிறைவேற்றவில்லை. 2023 நவம்பரில் கீழவையில் 84க்கு 63 என்ற வாக்குகளில் அது மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. குடியரசுக் கட்சியினர் 21 பேர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து வாக்களித்தார்கள். அவர்களில் பலர் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். அங்கெல்லாம் ஊரின் மிகப் பெரிய வேலையளிப்பவரே பொதுப்பள்ளிதான். பணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குத் தனியார் பள்ளி ஒன்று அருகில் இருக்காது. ஆளுநர் கிரெக் அபாட் அடுத்த ஆண்டு, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அப்படி வாக்களித்த பலருக்கு எதிராகப் போட்டியாளர்களை ஆதரித்தார், பலர் தோற்றார்கள். 2025 மே 3 அன்று அவர் கையொப்பமிட்ட சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு கல்விச் சேமிப்புக் கணக்குகளை உருவாக்கியது. 2026-27 கல்வியாண்டில் அது நடைமுறைக்கு வருகிறது. நடத்துவது கல்வி முகமை அல்ல, கம்ப்ட்ரோலர் எனப்படும் மாநில நிதிப் பொறுப்பாளரின் அலுவலகம்.

தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். மாற்றுத்திறன் பிள்ளை என்றால் அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தைப் பொறுத்து 30,000 டாலர் வரை. வீட்டில் கற்கும் பிள்ளைக்கு 2,000 டாலர் வரை. பணம் பெற்றோர் கைக்கு வராது. அனுமதிக்கப்பட்ட பாடநூல், பயிற்சி, கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டும் கணக்கிலிருந்து செல்லும். விண்ணப்பங்கள் ஒதுக்கீட்டை மீறினால் முதல் முன்னுரிமை, வறுமைக் கோட்டின் ஐந்து மடங்குக்குள் வருமானம் உள்ள குடும்பங்களின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் நால்வர் குடும்பத்துக்கு அந்த வரம்பு 1,60,750 டாலர். அதற்கு மேல் சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கணவன் மனைவி இருவரும் மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர் வீடுகள் பல இந்தக் கடைசி வரிசையில்தான் நிற்கும். எங்களுடையது ஒற்றைச் சம்பளம் என்பதால் முதல் வரிசைக்குள் வந்தது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க இரவில் பேசினோம். 30,000 என்ற எண் காதில் விழுந்ததும் என் கணவர் தனியார் பள்ளிகளின் பட்டியலைத் தயாரித்துவிட்டார். ஆனால் தனியார் பள்ளிக்கு, பொதுப்பள்ளியைப்போல, வருகிற எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் கடமை இல்லை. நேர்காணல் வைத்துச் சேர்க்கும் பள்ளிகளில், கேட்ட கேள்விக்கு விடை சொல்ல அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை எங்கே நிற்பான் என்பதை நாங்கள் ஓரிடத்தில் கண்டோம். மிகுந்த மரியாதையோடு எழுதப்பட்ட மறுப்புக் கடிதம் இரண்டே நாளில் வந்தது. தெரிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு என்று சட்டத்தின் பெயரளவில் சொல்லப்பட்டாலும், கடைசிச் சொல் பள்ளியிடமே இருக்கிறது. வீட்டுக்கல்விக்கான 2,000 டாலரைப் பெறுவதில் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அரசின் பணம் வந்தால் அதன் பின்னாலேயே அரசின் விதிகளும் வரும் என்று அஞ்சுவோர் பலர். நான் அந்த அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. பொதுப்பணம் வாங்குகிறவர் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டுவது நியாயமே என்பது என் கருத்து. ஐந்து நீல நோட்டுகள் எழுதியவளுக்கு அது ஒரு சுமையும் இல்லை.

விளையாட்டு, இசை பற்றி ஓரிரு வரிகள். பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் வீட்டுக்கல்வி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. உங்கள் மாவட்டம் என்ன செய்கிறது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் மகனுக்கு அதில் நாட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மட்டும் விடாமல் போனான். அங்கே அவன் திக்குவது குறைவு. ஏன் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அங்கே எல்லாப் பிள்ளைகளுமே தமிழில் தட்டுத்தடுமாறித்தான் பேசுகிறார்கள்.

இந்த ஆகஸ்ட் மாதம் அவன் ஒன்பதாம் வகுப்புக்காகப் பொதுப்பள்ளிக்குத் திரும்புகிறான். அவனே கேட்டான். காரணம், பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்திருக்கும் ரோபோ குழு. நேரமும் சரியானதே. டெக்சாஸின் பொதுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வீட்டுக்கல்வி மாணவர்களை மற்றவர்களுக்கு நிகராகவே நடத்த வேண்டும் என்று சட்டம் உண்டு. ஆகவே கல்லூரியைப் பற்றிய அச்சம் தேவையில்லை. சிக்கல் உயர்நிலைப் பள்ளிக்கு இடையில் திரும்புகிறவர்களுக்குத்தான். ஒன்பதாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பாடத்துக்கும், பள்ளிப் படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய மதிப்பலகு (கிரெடிட்) உண்டு. வீட்டில் படித்த பாடத்துக்கு மாவட்டம் தானாகவே அதைத் தந்துவிடாது, தேர்வு வைத்துத்தான் தரும். பத்தாம் வகுப்பின் நடுவில் திரும்பிய தோழியின் மகள் மூன்று பாடங்களை மீண்டும் படிக்க நேர்ந்தது.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிக்கு மின்கட்டண ரசீது ஆகியவற்றோடு ஐந்து நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் எடுத்துப்போனேன். இணையப் படிவத்தில் "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அலுவலகப் பெண்மணி தானே எட்டி "வீட்டுப்பள்ளி" என்று தட்டச்சு செய்தார். நான் பையைத் திறந்து நோட்டுகளை மேசைமேல் வைத்தேன். அவர் மேலிருந்த ஒன்றை எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்து, "அழகாக இருக்கிறது, ஆனால் எங்களுக்கு இது தேவையில்லை" என்று திருப்பித் தந்தார். வீட்டில் அவன் முடித்த முதல் நிலை இயற்கணிதத்துக்கு மட்டும் தேர்வு எழுத வேண்டுமாம். முறையாகக் கற்ற பாடம் என்று மாவட்டம் ஏற்றுக்கொண்டால் 70 மதிப்பெண் போதும், இல்லையென்றால் 80. எங்களுக்கு 80 என்று எழுதித் தந்திருக்கிறார்கள். தேர்வு சூன் இரண்டாம் வாரம். நேற்றிலிருந்து இருபடிச் சமன்பாடுகளை மீண்டும் தொடங்கியிருக்கிறோம். மூன்றாம் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவனுக்கு அன்று புரியாமல் போனவை எவை என்று எழுதி வைத்திருக்கிறேன்.